போராளி வீட்டுப் பிள்ளையை எந்தக் கோலால் அளப்போம்?

சில மாதங்களுக்கு முன்னர், வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய கிராமமொன்றின் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு வினாக்கொத்து கொடுக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த ஓர் அமைப்பினர் அதைக் கொண்டுவந்திருந்தனர். 13 முதல் 17 வயது வரையான பிள்ளைகளின் ‘ஒழுக்க நுண்மதி’யை அளப்பதே நோக்கம் என்றனர். மொத்தம் 40 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஒருபோதும் இல்லை’ என்பதிலிருந்து ‘எப்போதும்’ என்பது வரை 5 கட்டங்கள். முதற்பக்க மூலையில் இன்னொரு சிறிய கட்டமும் இருந்தது. தாயோ தந்தையோ முன்னாள் போராளியாயின் அதில் குறிக்க வேண்டும்.

பிள்ளைகள் தலை குனிந்து புள்ளடி போட்டார்கள். 15 வயது மாணவி ஒருத்தி மாத்திரம் ஒரு கூற்றை வெறுமையாக விட்டிருந்தாள். ‘நான் எப்போதும் உண்மையே பேசுகிறேன்’ என்பதே அது. ஏன் விட்டாய் என்று கேட்டோம்.

“ஃபாதர், போன வருசம் அப்பாவை விசாரிக்க ஆக்கள் வந்தவை. அப்பா பின்னாலை தோட்டத்துக்கை நிண்டவர். நான் அவர் இல்லையெண்டு சொன்னனான். இதுக்கு எந்தக் கட்டத்திலை புள்ளடி போடுறது?”

எம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. குருமடத்தில் ஒழுக்கவியலைப் பல ஆண்டுகள் படித்தோம். கிராமங்களில் இருபது ஆண்டுகளாகப் பணி செய்கின்றோம். இருந்தும் அந்தப் பிள்ளையின் முன் வாயடைத்து நின்றோம். அவளுடைய கேள்விக்குப் பதில் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

யார் இந்தப் பிள்ளைகள்?

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, சரணடைந்தும் பிடிபட்டும் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 12,000 பேர் என அரசாங்கக் கணக்குகள் கூறின. அவர்களுள் 594 பேர் சிறுவர்கள். பின்வந்த ஆண்டுகளில் அவர்கள் கட்டங்கட்டமாக வீடு திரும்பினார்கள். கலியாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். அப்பிள்ளைகளுள் மூத்தவர்கள் இன்று கட்டிளமைப் பருவத்தில் நிற்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் ஷெல் சத்தம் கேட்டதில்லை. பதுங்கு குழியைக் கண்டதில்லை.

ஆயினும் போர் அவ்வீடுகளை விட்டு முற்றாக வெளியேறிவிடவில்லை. தகப்பனின் தொடைக்குள் இருக்கும் இரும்புத் துண்டில் அது இருக்கிறது. மாரி காலத்தில் அந்தத் துண்டு குத்தும்போது அவர் பேசாமல் திண்ணையில் இருப்பதில் இருக்கிறது. வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டால் தாய் அடுப்பை விட்டு எழும்புவதில் இருக்கிறது. வேலை கேட்டுப் போன இடத்தில் ‘எங்கை இருந்தனீர்?’ என்ற கேள்வியோடு திரும்பி வருவதில் இருக்கிறது.

இந்தப் பெற்றோர் எல்லாரும் ஒரே வழியாற் போனவர்கள் அல்லர். சிலர் தாமாக விரும்பிச் சேர்ந்தனர். சிலர் பள்ளிச் சீருடையோடு போனவர்கள். வேறு சிலர், வீட்டுக்கு ஒருவர் என்று வன்னியில் கட்டாயப்படுத்தப்பட்ட இறுதி ஆண்டுகளில் தாயின் கையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்கள். ஒரே கட்டத்தில் இவர்கள் எல்லாருக்கும் ஒரே புள்ளடி விழுகிறது.

தெற்கில் படைவீரர் குடும்பங்களுக்கென ரணவிரு சேவை அதிகாரசபை 1999 ஆம் ஆண்டின் சட்டமொன்றால் அமைக்கப்பட்டது. ஓய்வூதியம் உண்டு, பட்டம் உண்டு. எமது பிள்ளைகளின் தந்தையர்க்கு அவை இல்லை. இதனால் தெற்கின் படைவீரனுடைய பிள்ளை நிம்மதியாக உறங்குகிறது என்று நாம் சொல்லவில்லை. குருநாகலிலும் அநுராதபுரத்திலும் படைக்குப் போனவர்களிற் பலர் வறிய கமக்காரரின் மக்களே. பொய்க்காலோடு அவன் திரும்பிய வீட்டிலும் ஒரு பிள்ளை இருட்டில் விழித்திருந்து தகப்பனின் அலறலைக் கேட்டிருக்கும். அந்தப் பிள்ளையும் இந்தப் பிள்ளையும் ஒருநாள் சந்தித்தால், அவர்களுக்குப் பேச நிறைய இருக்கும்.

ஊர் வாயில் இருக்கும் கோல்

வினாக்கொத்து வருமுன்னரே எமது ஊர்களில் ஓர் அளவுகோல் இருந்தது. வாள்வெட்டுக் கும்பல் பற்றிய செய்தி வந்தாலும், போதைப்பொருளோடு ஒரு பொடியன் பிடிபட்டாலும், சந்தியில் முதலில் எழும் கேள்வி ‘அவன் ஆற்றை மகன்?’ என்பதே. தகப்பன் இயக்கத்தில் இருந்தவர் என்று தெரிந்தால், ‘விதை ஒன்று போடச் சுரை ஒன்றா முளைக்கும்?’ என்று கதையை முடித்துவிடுகிறோம். அதே கும்பலில் அரச உத்தியோகத்தரின் மகனும் வெளிநாட்டுக் காசில் வளர்ந்தவனும் இருந்தால், அங்கே நாம் விதையைப் பற்றிப் பேசுவதில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. ‘அவன் போராளியின்ரை பிள்ளை, அவன் பிழை விடமாட்டான்’ என்று பீடத்தில் ஏற்றி வைப்போரும் எம்மிடையே உள்ளனர். பீடத்தில் நிற்கும் பிள்ளைக்கு அழவும் உரிமையில்லை, தடுமாறவும் உரிமையில்லை. தூற்றுவோரும் துதிப்போரும் செய்வது ஒன்றே. இருவரும் பிள்ளையைப் பாராமல் தகப்பனைப் பார்க்கின்றனர்.

இடம்பெயர்ந்து வாழ்ந்த எமது மக்களுக்கு இது புதிய கதையல்ல. 1990 இல் செம்மண் தோட்டத்தையும், வெட்டாத வாழைக்குலையையும், கட்டிய மாட்டை அவிழ்த்துவிட்டும் நீங்கள் வெளியேறினீர்கள். நலன்புரி நிலையங்களில் 10 அடிக்கு 10 அடி கொட்டிலில் பிள்ளை வளர்த்தீர்கள். அயலூர்த் தோட்டத்தில் தேங்காய் களவு போனால் யாரைத் தேடி வந்தார்கள்? வகுப்பில் பேனை காணாமற் போனால் யாருடைய பை முதலிற் சோதிக்கப்பட்டது? ‘முகாம் பிள்ளை’ என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. உங்கள் பிள்ளையை அவனுடைய செயலால் அளக்காமல் முகவரியால் அளந்தார்கள். அந்த வேதனையை அறிந்த நீங்களே இன்று அடுத்த வளவுப் பிள்ளையை அதே கோலால் அளக்கலாமா?

அறிஞர் செய்த கோல்கள்

பிள்ளைகளின் ஒழுக்கத்தை அளக்கும் முயற்சி பழையது. 1920களின் இறுதியில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 10,000 இற்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தனர். பொய் சொல்ல, பார்த்தெழுத, காசை எடுத்துக்கொள்ளச் சந்தர்ப்பம் கொடுத்துவிட்டு, அவர்கள் என்ன செய்கின்றனர் என்று கவனித்தனர். இரண்டு உண்மைகள் தெரிந்தன. ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் அப்படி இருக்கவில்லை. அத்தோடு, எது சரி எது பிழை என்று நன்றாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் அதன்படியே நடந்தார்கள் என்றும் இல்லை. வாயாற் சொல்வதை வைத்து வாழ்வை அளக்க முடியாது என்பது ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தெரிந்த விடயம்.

பின்னர் லோரன்ஸ் கோல்பேர்க் வந்தார். 1958 இல் சிக்காகோ நகரில் 72 பையன்களுக்கு அவர் கதைகள் சொன்னார். சாகக் கிடக்கும் மனைவிக்கு மருந்து வாங்கக் காசில்லாத ஒருவன் அதைத் திருடலாமா என்பது அவற்றுள் ஒன்று. பையன் ‘ஆம்’ என்றானா ‘இல்லை’ என்றானா என்பது அவருக்கு முக்கியமல்ல. அதற்கு அவன் கூறிய காரணத்தையே அவர் கவனித்தார். இது பெரிய முன்னேற்றம். ஆனால் அவர் கேட்டதெல்லாம் பையன்களிடம். 1982 இல் கரோல் கில்லிகன் என்ற பெண் அறிஞர் அதைச் சுட்டிக்காட்டினார். பெண்கள் நீதியை விதியாக அன்றி உறவாகவும் பராமரிப்பாகவும் பேசினால், அந்தக் கோலில் அவர்கள் கீழே நிற்பதாகத் தெரியும். அது பெண்களின் குறையா, கோலின் குறையா என்று கேட்டார். அவர் எண்ணிய அளவுக்கு ஆண் பெண் புள்ளிகளில் வேறுபாடு இல்லை எனப் பிந்திய ஆய்வுகள் காட்டின. ஆயினும் அவர் கேட்ட கேள்வி நிலைத்தது. ஒரு கூட்டத்தார் குறைவாக அளக்கப்பட்டால், அவர்களைக் குறை கூறுமுன் கோலைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

‘ஒழுக்க நுண்மதி’ என்ற சொல்லைப் பரவலாக்கியவர்களுள் ஒருவர் சிறுவர் உளமருத்துவரான ரொபேட் கோல்ஸ். பிள்ளைகளின் ஒழுக்க நுண்மதி பற்றிய அவரது நூல் 1997 இல் வெளிவந்தது. அவரைச் சிந்திக்க வைத்தவள் ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுச் சிறுமி. 1960 இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில், வெள்ளையர் மாத்திரம் படித்த பாடசாலைக்குப் போன முதற் கறுப்பினப் பிள்ளை அவள். வாசலில் கூட்டம் நின்று தினமும் திட்டியது. ஒருநாள் அவள் நின்று உதடு அசைத்ததை ஆசிரியை கண்டார். கூட்டத்தோடு பேசினாயா என்று கேட்டபோது, அவர்களுக்காகச் செபித்தேன் என்றாள். எந்த வினாக்கொத்தும் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. கோல்ஸ் அவளோடு பல மாதங்கள் பழகினார், வீட்டுக்குப் போனார், படம் வரையச் சொன்னார், கேட்டுக்கொண்டிருந்தார். அவரது அளவீடு அதுவே.

அன்று எமது கிராமத்துக்கு வந்த 40 கூற்றுத் தாளுக்கு வேறொரு வேர் உண்டு. டக் லெனிக், ஃபிரெட் கீல் என்போர் 2005 இல் எழுதிய நூலில் ஒழுக்க நுண்மதியை நேர்மை, பொறுப்பு, இரக்கம், மன்னிப்பு என நான்காக வகுத்தனர். 40 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தையும் ஆக்கினர். அந்த நூல் எழுதப்பட்டது வணிக நிறுவனத் தலைவர்களுக்காக. அவ்வினாக்கொத்து பல நாடுகளுக்குப் போயிற்று. 1980 முதல் 1988 வரை பெரும் போரைக் கண்ட ஈரானிலும் மாணவரிடையே அது பயன்படுத்தப்பட்டு வருகிறது. அதன் ஆக்கியோரிடம் எமக்குக் கோபமில்லை. அந்த நான்கும் நல்ல பண்புகளே. ஆனால் கம்பனி முகாமையாளரை நினைத்து எழுதிய கூற்று, யாழ்ப்பாணத்துப் போராளி வீட்டு முற்றத்துக்கு வரும்போது என்ன ஆகிறது?

நான்கு பண்புகளும் எமது முற்றமும்

முதலாவது நேர்மை. முகாமையாளருக்கு நேர்மை என்றால் கணக்கை மறைக்காமை. எமது மாணவிக்கோ, உண்மை சொன்னால் தகப்பன் மீண்டும் விசாரணைக்குப் போக நேரலாம். அவள் பொய்யை விரும்பிச் சொல்லவில்லை. சொன்ன பிறகு அது அவளைச் சுட்டது. சுட்டபடியாற்றான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். மனச்சாட்சி இல்லாத பிள்ளை ‘எப்போதும்’ என்று புள்ளடி போட்டு 5 புள்ளி வாங்கியிருக்கும். அவளுக்கு அதில் பூச்சியம். அந்தத் தாளிலேயே மிக நேர்மையான இடம் அவள் விட்ட வெற்றிடந்தான்.

இரண்டாவது பொறுப்பு. ‘நான் தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுவதில்லை’ என்று ஒரு கூற்று. 16 வயதுப் பையன் ஒருவனை அறிவோம். தகப்பனுக்கு ஒரு கால் இல்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் மாற வேண்டிய நாட்களில் மகனே வாய்க்காலில் நிற்கிறான். அந்த நாட்களில் பாடசாலை இல்லை, ரியூசன் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியதை அவன் முடிக்கவில்லை. ‘சில வேளைகளில்’ என்று குறித்தான். அந்த வீட்டின் அடுப்பு எரிவது அவன் முடிக்காமல் விட்ட அந்தப் படிப்பால் என்பதை எந்தக் கட்டம் சொல்லும்?

மூன்றாவது இரக்கம். இதில் இப்பிள்ளைகளிற் சிலர் எம்மை வெட்கப்பட வைக்கின்றனர். தகப்பன் படலையைத் திறக்கும் விதத்திலேயே அன்றைய மனநிலையை அறிந்து, தம்பி தங்கையரை அயல்வீட்டுக்குக் கூட்டிச் செல்லும் மூத்த பெண்பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். இது உயர்ந்த கூர்மை. அதே வேளையில் ஒரு பிள்ளைக்கு இருக்கக் கூடாத பாரமும் ஆகும். அதைப் புள்ளியாக மாற்றிப் பாராட்டுவதும் ஒருவகைக் கொடுமையே.

நான்காவது மன்னிப்பு. ‘எனக்குத் தீங்கு செய்தவர்களை நான் இலகுவில் மன்னிப்பேன்’ என்கிறது தாள். மன்னிப்பைப் பிரசங்கிக்கும் எமக்கே இந்த ‘இலகுவில்’ என்ற சொல் தொண்டையில் சிக்குகிறது. மாமனைக் கையளித்துவிட்டு, அவருக்கு என்ன நடந்தது என்று அறியாமல் இன்றும் படத்தோடு வீதியில் இருக்கும் அம்மம்மாவைப் பார்த்து வளரும் பிள்ளை எதை மன்னிப்பது? மன்னிப்புக் கேட்டவர் யார்? நடந்ததைச் சொன்னவர் யார்? பாட்டியின் கண்ணீரைப் பேத்தி மன்னித்துக் கொடுக்க முடியாது. உண்மை வெளிவரும்போதுதான் மன்னிப்புக்கு வழி பிறக்கும். அதற்கு முன் அப்பிள்ளையிடம் நாம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: பழியை இன்னோர் ஏழையின் பிள்ளைமேற் போடாதே என்பது.

மண் பரிசோதனை சொல்லும் பாடம்

அப்படியானால் அளக்கவே கூடாதா? ஆசிரியர் சிலர் எம்மிடம் நியாயமாகவே கேட்டனர்: “ஃபாதர், வகுப்பிலை என்ன நடக்குதெண்டு அறியாமல் எப்பிடி உதவி செய்யிறது?” உண்மைதான். போதைப்பொருள் பாடசாலை வாசலுக்கு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, எல்லாப் பிள்ளையும் நல்ல பிள்ளை என்று பாடிக்கொண்டிருக்க முடியாது.

கமக்காரராகிய உங்களுக்கு இதற்கு விடை தெரியும். மீள்குடியேறியபோது, இருபது வருடத்துக்கு மேல் பற்றையாய்க் கிடந்த காணியின் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தீர்கள். மண் எடுக்கும் முறையை விவசாயப் போதனாசிரியர் சொல்லித் தந்தார். ஓரிடத்தில் மாத்திரம் எடுக்கக் கூடாது. தோட்டம் முழுவதும் பல இடங்களில் எடுத்துக் கலக்க வேண்டும். வரம்பு ஓரத்தில், எருக்கும்பிக்குப் பக்கத்தில், மர நிழலில் எடுக்கக் கூடாது. அந்த மண் காணியின் உண்மையான தன்மையைக் காட்டாது. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தாலும் போதாது. அரை அடி ஆழத்துக்கு வெட்ட வேண்டும். முடிவு வந்ததும் என்ன செய்தீர்கள்? காணிக்கு என்ன குறைகிறதென்று பார்த்துப் பசளை இட்டீர்கள். ‘இது கெட்ட காணி’ என்று பலகை அடித்து வேலியில் தூக்கவில்லை.

பிள்ளையின் மனத்தை அளப்பவர்களும் இதையே கற்றுக்கொள்ள வேண்டும். ஒருநாட் பிற்பகல், ஒரு தாள், ஒரு பேனை என்பது வரம்பு ஓரத்து மண். வீட்டில், தோட்டத்தில், விளையாட்டு மைதானத்தில், தங்கையோடு, தோற்ற நாளில், கையில் காசு கிடைத்த நாளில் என்று பல இடத்து மண் வேண்டும். அளந்த பின் பசளை இடும் எண்ணம் இல்லாதவர் அளக்கவே கூடாது.

பங்குக் கிணற்றுக் கதை

நாமும் ஒரு முயற்சி செய்து பார்த்தோம். புள்ளி இல்லை, பெயர் எழுதவில்லை, யாருடைய பிள்ளை என்று கேட்கவில்லை. எல்லாரையும் வட்டமாக இருத்தி ஒரு கதை சொன்னோம்.

ஒரு பங்குக் கிணறு. நான்கு பங்காளிகள், முறைவைத்து இறைக்கின்றனர். ஆவணி மாத வரட்சி. தண்ணீர் அடியில் கிடக்கிறது. இன்று உன் வீட்டு முறை. அடுத்த காணிக் கிழவி காய்ச்சலில் படுத்தபடியால் நேற்றுத் தன் முறையைத் தவறவிட்டாள். அவளுடைய மிளகாய்க் கன்றுகள் சோர்ந்து நிற்கின்றன. உன் வெங்காயமும் இன்று தண்ணீர் காணாவிட்டால் பிழைக்காது. உன் தகப்பனுக்கும் அந்தக் கிழவியின் மகனுக்கும் பழைய பகை. நீ என்ன செய்வாய்?

பெரிய வாக்குவாதம் எழுந்தது. முறை என்றால் முறைதான், அதை மீறினால் நாளை கிணற்றடியில் வெட்டுக்குத்து வரும் என்றான் ஒருவன். பாதி நேரம் விட்டுக் கொடுக்கலாம் என்றாள் ஒருத்தி. கிழவியின் கன்றுகளுக்கு நாங்கள் வாளியால் அள்ளி ஊற்றினால் தண்ணீர் குறைவாய் முடியும் என்று சிந்தித்தான் வேறொருவன். பேசாமலிருந்த பையன் ஒருவன் கடைசியில், “பகை அப்பாவுக்கு. கன்றுக்கு என்ன பகை?” என்றான். அவன் போராளி வீட்டுப் பிள்ளையா இல்லையா என்று நாம் இங்கு எழுதப் போவதில்லை. அன்று அங்கிருந்த எவரும் அதைக் கேட்கவில்லை.

இன்னொரு நாள் கடினமான கதை ஒன்றை எடுத்தோம். அது நடந்த கதை. 1990 ஜூனில் நாம் வலிகாமம் வடக்கை விட்டு ஓடினோம். அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ். நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000 இற்கு மேற்பட்டோர் அவ்வாறு போயினர். எமது காணி போன கதையைப் பிள்ளைகளுக்கு நாம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறோம். இந்தக் கதையை எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறோம்?

சிலர் முதன்முறையாகக் கேட்டனர். நீண்ட அமைதிக்குப் பிறகு ஒரு பையன் சொன்னான்: “எங்கடை அப்பா அப்ப சின்னப்பிள்ளை, ஃபாதர். பிறகுதான் இயக்கத்துக்குப் போனவர். அப்பா எனக்கு உயிர். ஆனா அது பிழை. பிழை எண்டு சொன்னால் அப்பாவை விட்டுக் குடுத்த மாதிரியோ?” விட்டுக் கொடுத்ததாகாது என்றோம். தகப்பனை நேசித்துக்கொண்டே, தகப்பன் சார்ந்திருந்த இயக்கம் செய்த ஒரு பிழையைப் பிழை என்று சொல்லத் துணியும் பிள்ளையிடம் இருப்பதுதான் ஒழுக்க நுண்மதி. அன்பையும் நீதியையும் ஒரே கையில் பிடித்திருப்பது வளர்ந்தவர்களுக்கே கடினம். எமது தலைவர்களிற் பலருக்கு அது இன்னும் கைகூடவில்லை.

முதலில் எம்மை அளப்போம்

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரின் குடும்பங்களைப் பற்றி 1992 இல் வெளியான ஆய்வொன்று முக்கியமான வேறுபாட்டைக் காட்டியது. போர்க்களம் கண்டவர்களுள்ளும், போரின் மனவடு நோயாக மாறியவர்களின் வீடுகளிலேயே பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. அந்நோய் இல்லாதவர்களின் வீடுகளில் அவ்வாறில்லை. எமது வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வு, பிள்ளை வீட்டில் வதைபடுவதோடு போரின் அனுபவமும் தகப்பனின் மதுப் பழக்கமும் தொடர்புற்றிருந்ததைக் காட்டியது. போர் தனியாளின் உள்ளத்தை மாத்திரமல்ல, ஊரின் உறவையும் நம்பிக்கையையும் காயப்படுத்துகிறது என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதி வந்துள்ளார்.

இவற்றின் பொருள் என்ன? பிள்ளையைக் கெடுப்பது இரத்தம் அல்ல. மருந்து காணாத காயமும், சாராயமும், அடியும், ஊரின் ஒதுக்கலுமே கெடுக்கின்றன. இவை நாம் மாற்றக்கூடியவை. ஆகவே முதலில் அளக்கப்பட வேண்டியவர்கள் வளர்ந்தவர்களாகிய நாம். எமது ஊரில் முன்னாள் போராளி ஒருவருக்குக் கூலி வேலையாவது மனமுவந்து கொடுத்தோர் எத்தனை பேர்? இரவில் அலறும் ஒருவரைச் சிகிச்சைக்குக் கூட்டிச் சென்ற அயலவர் எத்தனை பேர்? இயக்கத்தில் இருந்த பெண்ணைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசாதவர் எத்தனை பேர்? அந்தத் தாளில் எமக்குப் புள்ளி போட்டால் எத்தனை கிடைக்கும்?

செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளைகளிடம் ஆய்வு செய்ய யார் வந்தாலும், பெற்றோரும் கிராம அபிவிருத்திச் சங்கமும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தத் தாள் பிறகு யாரிடம் போகும்? முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா? குறை கண்டால் என்ன உதவியோடு திரும்பி வருவீர்கள்? இவற்றுக்கு நேரான பதில் இல்லையெனில், ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தாய் தகப்பன் போராளியா என்று கேட்கும் கட்டத்தை ஒருபோதும் நிரப்பாதீர்கள். எங்கள் மண்ணில் பெயர்ப் பட்டியல்கள் எங்கெல்லாம் போயின என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது, ஊருக்குள் பிள்ளைகள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். மாதத்துக்கு ஒரு மாலை போதும். கோவில் மண்டபமோ வாசிகசாலையோ, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வரக்கூடிய இடமாக இருக்கட்டும். எமது கிணறு, எமது காணி, எமது போர் பற்றிய கதைகளை அவர்கள் முன் வையுங்கள். தீர்ப்பை நாம் சொல்லிவிடாமல் அவர்கள் சொல்வதைக் கேட்போம். மூன்றாவது, குடியாலும் மனநோயாலும் தவிக்கும் தகப்பன்மாரை ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்வதை வெட்கமாக எண்ணாதீர்கள். தகப்பனுக்குக் கொடுக்கும் மருந்து பிள்ளைக்கு இடும் பசளை.

1990 இல் எம்மை வெளியேற்றிய பாதுகாப்பு வலயத்தின் வேலி, பல கட்டங்களாக விலகியும், இன்னும் முழுவதும் விலகவில்லை. அந்த வேலியை அகற்றும்படி நாம் மனுக் கொடுத்தோம், உண்ணாவிரதம் இருந்தோம், நீதிமன்றம் போனோம். எமது பிள்ளைகளுக்கிடையே நாமே போட்ட வேலி ஒன்றும் உண்டு. அதை அகற்ற எந்த அமைச்சரின் கையொப்பமும் வேண்டியதில்லை.

கடைசியாக அந்த மாணவிக்கு. பிள்ளை, உன் கேள்விக்கு அன்று பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம். இன்று சொல்கிறோம். நீ சொன்னது உண்மையல்ல. அது உனக்கே தெரியும், தெரிந்தபடியாற்றான் உனக்கு நொந்தது. ஆனால் 15 வயதில் உன்னை அப்படிச் சொல்ல வைத்த பாவம் உன்னுடையதல்ல. தகப்பனைக் காட்டிக் கொடுக்காமலும் பொய் சொல்லாமலும் ஒரு பிள்ளை வாழக்கூடிய ஊரை நாங்கள் உனக்குத் தரவில்லை. நீ அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடு. அதை நிரப்ப வேண்டியவர்கள் நாங்கள்.